ஆற்றங்கரை அண்ணையின் வாங்கு

மொன்றியலில் "எங்கட ஊர்" என்று சொல்லி யாழ்ப்பாணத்தைக் கருதாத ஒரே யாழ்ப்பாணத்தார் ஆற்றங்கரை அண்ணைதான். கனடாவுக்கு வருமுன் இங்கிலாந்தில், ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் பதினொரு வருடம் தபால் பிரித்தவர். ஊரின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே உலகத்துக்குத் தெரியவேண்டும் என்பது அவர் எண்ணம்.

எங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் காலையில் அவர் தெருவில் இறங்கினால் அந்த ஊரும் கூடவே இறங்கும். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கும்போது, "எங்கட ஊரிலை பால் வாசலுக்கு வரும்." நூலகத்தில், "எங்கட ஊரிலை நூலகத்துக்குப் பின்னாலை ஆறு." பஸ் பிந்தினால், "எங்கட ஊரிலையும் பஸ் பிந்தும். ஆனா இருந்து பாக்க வாங்கு இருக்கும்."

வாங்குதான், அதாவது பெஞ்சுதான், அவருடைய மதம். ஆற்றோரமாக நூறு அடிக்கு ஒரு மர வாங்காம். ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒருவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடாம்.

"செத்தவையின்ரை பேரிலை உயிரோடை இருக்கிற ஆக்கள் இளைப்பாறுகினம். அதெல்லோ நாகரிகம்!"

நாங்கள் சிரித்தோம். அவருடைய மனைவி மனோன்மணி அக்கா வெளியே வருவதை நிறுத்தும்வரை சிரித்தோம். வீட்டிலிருந்து மெத்ரோ ரயில் நிலையத்துக்கு ஏழு நிமிட நடை. முழங்கால் பழுதான அக்காவுக்கு நடுவில் ஒருதரம் இருந்து கால் ஆறியாக வேண்டும். இருக்க இடமில்லை. பனி கரைந்து ஊரே வெளியே வந்தபோதும் அக்கா ஜன்னலோடுதான்.

அண்ணை பலகை வாங்கினார், அறுத்தார், ஆணி அடித்தார். மூன்று பேர் இருக்கக்கூடிய வாங்கு ஒன்றைச் செய்து சந்தியிலுள்ள மேப்பிள் மரத்தடியில் வைத்தார். வைத்த நாள் ஜூலை முதலாம் திகதி. இந்த நகரத்தில் ஆளாளுக்கு வீடு மாறும் நாள் அது. நடைபாதையில் கிடக்கும் தளபாடம் எடுப்பவருக்குச் சொந்தம். மனசு இங்கிலாந்தில் கிடந்ததால் அண்ணைக்கு அது மறந்துபோயிற்று. அக்காவைக் கைபிடித்து அழைத்து வந்தபோது மரம் மட்டும் நின்றது.

வாங்கு நான்காவது வீட்டுப் பால்கனியில் இருந்தது. அதில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. சண்டைக்குப் போன அண்ணை ஒரு மணிநேரம் கழித்துச் சமோசாவோடு திரும்பினார்.

"வாங்கைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"எப்பிடிக் கேக்கிறது? வீட்டுக்காரர் அதிலை சாய்ஞ்சு நித்திரையாப் போனார். வாங்கின்ரை வேலை அதுதானே."

பிறகுதான் என்னை நாடினார். நான் முப்பது வருடம் அரசாங்கப் படிவங்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவன். நகரசபையின் நினைவு வாங்குக்கான படிவத்தைத் தேடி எடுத்துப்போய் அவர் வீட்டு மேசையில் விரித்தேன். மூன்றாவது கட்டம்: இறந்தவரின் பெயர்.

"ஆள் உயிரோடை இருந்தா?"

"படிவம் செல்லாது, அண்ணை."

அக்கா உள்ளேயிருந்து கத்தினார்: "என்ரை பேரை எழுதுங்கோ! எப்பிடியும் பேந்து ஒருநாள் உண்மையாகத்தானே போகுது!"

அண்ணை படிவத்தை நாலாகக் கிழித்தார். என் கண்முன்னே ஒரு படிவம் கிழிபட்டது அதுதான் முதல்தடவை.

மிஞ்சியது வட்டார சபைக் கூட்டத்தில் பொதுமக்களுக்கான கேள்வி நேரம். அவர் பெயரைப் பதிந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்ததாக என் பெயரையும் பதிந்தேன். டாக்ஸி வேண்டாம், நடந்தே காட்டவேண்டும் என்று அண்ணை மடக்குக் கதிரையும் அக்காவுமாகப் பின்னேரமே வெளிக்கிட்டார்.

கூட்டத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. அடுத்தது நான். என்னிடம் கேள்வியே இல்லை. ஒருவருக்கு ஒரு கேள்வி, அதுவும் சுருக்கமாக என்ற விதியை நித்திரையிலும் ஒப்பிக்கக்கூடிய நான், குப்பை எடுக்கும் நாள், தெருமரம், பனி தள்ளுதல், திரும்பவும் குப்பை என்று, அவர்கள் வந்துசேரும்வரை இரண்டு மொழியில் இழுத்தேன். "மிஸ்யூ, உங்கள் கேள்விதான் என்ன?" என்று சபைத் தலைவி இரண்டுதரம் கேட்டார். குப்பையில் மூன்றாவது சுற்றுத் தொடங்கும்போது கதவு திறந்தது.

அண்ணை கதிரையை விரித்தார். அக்கா வாசலிலேயே இருந்து மூச்சு வாங்கினார்.

நான் ஒலிவாங்கியை அண்ணையிடம் நீட்டினேன். ஒரு கிழமையாகப் பாடமாக்கிய பிரெஞ்சுப் பேச்சில் அவருக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: "ஊன் பான்... சில் வு ப்ளே." ஒரு வாங்கு, தயவுசெய்து.

எவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள் என்று தலைவி அக்காவைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"தூரம் தெரியாது, பிள்ளை. பதினாலு தரம் இருந்தனான்."

அதையும் மொழிபெயர்த்தேன். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இருந்தவர் அக்கா மட்டும்.

அடுத்த வசந்தத்தில் மேப்பிள் மரத்தடிக்கு வாங்கு வந்தது, சீமெந்தில் நான்கு போல்ட் இறுக்கி. அக்கா தன் பழைய சேலைக் கரையைத் திறப்புவிழா நாடாவாகக் குறுக்கே கட்டி, தானே கத்தரித்து, தானே முதலில் இருந்தார். பஞ்சாபிக் குடும்பம் சமோசா கொண்டுவந்தது. தகடு ஒன்று அடிக்கலாமே என்றேன்.

"ஆள் இருக்கிறா. தகடு என்னத்துக்கு?" என்றார் அண்ணை.

இப்போது ஒவ்வொரு ஜூலை முதலாம் திகதியும் அவர் அதில் காவல். போல்ட்டைக் காட்டி, சட்டத்தையும் சொல்லி, அதை எவராலும் தூக்கமுடியாது என்று விளக்கிப் பார்த்தேன். கேட்கவில்லை. போன வருடம் டொரண்டோவிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் வாங்கில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கட ஊரிலை சந்திக்குச் சந்தி வாங்கு!"

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அண்ணையும் அக்காவும் தள்ளி இருந்து எனக்கு விட்ட இடத்தில் இருந்துகொண்டேன்.