ஒரே தடவைதான் கேட்பார்கள்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

மருமகனின் வணக்கம். இந்தக் குளிர் தேசத்தில் நான் சுகம். இதைப் படித்து முடிக்கும் வரையாவது உங்கள் ரத்த அழுத்தமும் சுகமாக இருக்கட்டும். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை நிரந்தரமாகிவிட்டது. "வேலை நிலைச்சாத்தான் பொண்ணு" என்றீர்கள் அல்லவா, நிலைத்துவிட்டது, தேதி குறிக்கலாம். ஆனால் திங்கள் முதல் புதன் வரை எனக்கு வேலையே இல்லாமல் இருந்ததையும், அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பதையும் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? "மாப்ளே, நம்ம மானம் உன் கையில. யார் எதை நீட்டினாலும் பாய்ஞ்சு வாங்காத. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லு, மூணாவது தடவை போனாப் போகுதுன்னு வாங்கிக்க." அப்படியே செய்தேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடம் எங்களுடையது. முதல் நாள் இடைவேளையில், படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் விட்டுத் தேய்ப்பவர் ரொட்டி டப்பாவை நீட்டி "வேணுமா?" என்றார். "ஐயோ வேண்டாங்க" என்றேன். மூடிவிட்டார். இரண்டாவது தடவைக்காக அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, டப்பாவையும் கழுவி வைத்தார். குளிருக்குக் கோட்டு தந்தார்கள், எதுக்குங்க என்றேன், அது அடுத்தவனுக்குப் போனது. காரில் இறக்கிவிடவா என்றார்கள், உங்களுக்கு ஏன் சிரமம் என்றேன், மழையில் நாலு கிலோமீட்டர் நடந்தேன். இத்தனை நடந்தும் புத்தி வரவில்லை மாமா, கல்நெஞ்சக்காரங்க என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதச் சோதனைக் காலம் முடிந்து, திங்கட்கிழமை மேலாளர் அம்மா கூப்பிட்டார். "வேலை சுத்தமா இருக்கு. நிரந்தரமா இருக்கியா?" எனக்குள்ளே ராட்டினம் சுற்றுகிறது. வாய் மட்டும் உங்கள் வாய். "எனக்கெதுக்குங்க, என்னைவிடத் தகுதியானவங்க இருப்பாங்க" என்றேன் தரையைப் பார்த்து. "அப்படியா, சரி" என்று பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டுக் கை குலுக்கினார். நானும் சிரித்தபடி குலுக்கினேன். இரண்டாவது தடவை கேட்பார் என்று கதவருகே நின்றேன். "கதவைச் சாத்திட்டுப் போப்பா" என்றார்.

பத்து வருஷமாக இங்கே துணி மடிக்கிற நம்ம ஊர் அக்கா ஒருத்தர் இருக்கிறார். கேட்டதும் தலையில் கை வைத்தார். "அடப்பாவி, இவங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. நீ வேண்டாம்னா வேண்டாம்தான். உன் பேச்சை நம்புறாங்கடா, அதான் இங்க மரியாதை. போய் வேணும்னு சொல்லு."

அதைச் சொல்ல இரண்டு நாள் பிடித்தது. இருபத்தாறு வயசு ஆளுக்கு, 'எனக்கு வேணும்' என்று சொல்ல நாக்கு புரளல. அப்பத்தான் கோபம் வந்தது. இதை யார் நமக்குப் பழக்கினது? வயிறு நிறைஞ்சவன் வேண்டாம்னா அது பெருந்தன்மை, காய்ஞ்சவன் சொன்னா அவன் காய வேண்டியதுதான். அப்பா முப்பது வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கினார். கூலி கூட்டணுமான்னு முதலாளி கேட்டப்பெல்லாம் "நீங்க பாத்துச் செய்ங்க"ன்னார். அவனும் பாத்துக்கிட்டேதான் இருந்தான்.

புதன்கிழமை போய் நின்றேன். "அம்மா, எனக்கு இந்த வேலை வேணும்." "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று காகிதத்தை நீட்டினார். அவ்வளவுதான் மாமா, அவ்வளவேதான். அன்று முதல் எதைக் கேட்டாலும் வேணும் என்கிறேன். உடம்பே பாதி எடை குறைந்த மாதிரி இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். இந்தக் கல்யாணம் வேணுமா என்று உங்கள் மகளிடமும் ஒரு தடவை கேளுங்கள். ஒரே தடவைதான். அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே நம்புங்கள்.

உங்கள் ஆசியை வேண்டாம் என்று சொல்லாத,
மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மேலாளர் அம்மா வந்தார். மலைப்பக்கம் புதுக் கூடம் திறக்கிறார்களாம். "தனி அறை தர்றோம், போக விருப்பமா..." என்பதற்குள் "வேணும்" என்றேன், கையெழுத்தும் போட்டேன். காகிதத்தின் மறுபக்கத்தை இப்போதுதான் படித்தேன். மூன்று வருஷம், நடுவில் ஊருக்குப் போக விடுமுறை கிடையாது. கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும்போது, நீங்கள் குறிக்கும் தேதி அப்படியே இருக்கட்டும், வருஷத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.