தக்கைக்கு அடியில்

"ஊசி எங்கே சார்? மேலேருந்து பார்த்தா காணோமே!"

"அங்கேதான் இருக்கு மேடம். வெளிச்சம் தண்ணியோட மேல்மட்டம் வரைக்கும் வரும். வெளியே வராம அப்படியே உள்ளே திரும்பிடும். முழு அக எதிரொளிப்பு."

"அச்சு அசல் உங்க பேச்சு மாதிரி!"

இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் நாளே அவள் இப்படிச் சொல்லிச் சிரித்தாள். ஆய்வக உதவியாளனுக்கு அன்றைக்கே மனசு பறிபோனது. மூன்று வருடமாகியும் அந்தச் செய்தியை அவளிடம் சேர்க்கத்தான் வாய் வரவில்லை. இப்போது அவளுக்கு வேறு கல்லூரியில் வேலை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. கண்ணாடித் தொட்டியில் மிதக்கும் வட்டத் தக்கை, அதன் நடுவே செருகிய ஊசி. ஊசியைக் கீழே இறக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முனை மேலிருந்து தெரியும். அந்த நீளத்தை வைத்துத் திரவத்தின் ஒளிவிலகல் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். முனையைக் கொக்கியாக வளைத்து மோதிரத்தை மாட்டிவிட்டால்? அவள் இறக்குவாள், மோதிரம் எட்டிப் பார்க்கும். பேசவே வேண்டாம்!

மோதிரத்தின் கனத்தில் தக்கை முங்கியது. பெரிய தக்கை வைத்தான். மிதந்தது.

"மேடம், ஒரு ரீடிங் எடுங்களேன்."

புதன்கிழமை அவள் ஊசியை முழுக்க இறக்கினாள். "மேலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியலை சார்."

பெரிய தக்கை மோதிரத்தையும் சேர்த்து மறைத்துவிட்டது. பதற்றத்தில் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு கிளிசரின் ஊற்றினான். அது வெளிச்சத்தை இன்னும் அதிகமாகத் திருப்பி அனுப்பியது.

வியாழக்கிழமையும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். "மேலேருந்து பார்த்தா சுத்தமா தெரியலை சார்."

வெள்ளிக்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பெருக்குகிற அக்கா மூலையில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூணரைக்கு பஸ். ரீடிங் ஏதாவது பாக்கி இருக்கா சார்?"

"இல்லை மேடம்... இருக்கு. அதாவது, தெரியலைங்கறதுக்காக இல்லைன்னு ஆயிடாது..."

"எது?"

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

துடைப்பம் நின்றது.

"சட்டுனு சரின்னு சொல்லிடுங்கம்மா!" என்றார் அக்கா. "மூணு நாளா இவர் இல்லாத நேரம் பார்த்து, தொட்டிக்குப் பக்கவாட்டுல குனிஞ்சு குனிஞ்சு அந்த மோதிரத்தைப் பார்த்து உங்க இடுப்பே போயிருக்குமே!"