காற்றுக்குப் போர்த்திய போர்வை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், மொட்டை மாடி இயந்திரமும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பாய், அதனால்தான் கடிதம்.

நாற்சந்திப் பலகையில் நம் ஊர்க் காற்றின் தூசி எண் நாற்பதுக்கு இறங்கிவிட்டது. ஐம்பதுக்குக் கீழே வந்தால்தான் மூச்சிரைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்றாயே, இனி உனக்குச் சாக்கு இல்லை, டிக்கெட் எடுத்துவிடு.

எப்படி இறங்கியது என்று கேட்பாய். தூசியை அளந்து பலகைக்கு எண் அனுப்ப ஊர் முழுவதற்கும் ஒரே இயந்திரம். வைத்த கட்டடத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று ஒவ்வொரு அலுவலகமும் கைகழுவ, காலமெல்லாம் கடைத் தராசுகளைச் சோதித்த ஆள் வீடு, நம்பகமானது என்று சொல்லி நம் தலையில் கட்டிவிட்டார்கள். தேர்தல் நெருங்கவும் அதற்கு ஒரே மவுசு. எதிர்க்கட்சிக்காரர் பக்கத்து மாடியில் ஆள் வைத்துப் பழைய மெத்தைகளைத் தட்டச் சொன்னார், எண் ஏறியது. நம் கவுன்சிலர் விடுவாரா, விடியற்காலையில் தண்ணீர் லாரியை அனுப்பி வீட்டைச் சுற்றிப் பூத்தூறலாகத் தூவச் சொன்னார். அந்தக் காலைகளை நீ பார்த்திருக்க வேண்டும். எதிர்வீடு கரைந்துபோகும், தெருவிளக்கு மட்டும் மஞ்சளாக மிதக்கும், கொடியில் கிடக்கும் துணிகள் யாரோ நடந்து வருவதுபோல அசையும். நான் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். அந்த வெள்ளைக்குள்ளிருந்து என் பேத்தி தத்தித் தத்தி வந்து விரலைப் பிடித்துக்கொள்வாள். அவளைப் போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அவள் கைச்சூடு எனக்குத் தெரிந்தது. காயப்போட்டதெல்லாம் நனைகிறது என்று அம்மா கத்தும்வரை எழுந்திருக்க மனம் வராது.

எண்தான் இன்னும் ஏறிக்கொண்டே போனது. கவுன்சிலர் மாடியேறி வந்து, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். நீர்த்துளியையும் இயந்திரம் தூசி என்றே எண்ணிவிடும் என்று டெக்னீஷியன் சொன்னார், பாவம். கவுன்சிலர் வானத்தை ஒரு முறை, இயந்திரத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுல கனமான போர்வை இருக்குங்களா?" என்றார். இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், உன்னை நினைத்துக்கொண்டு இயந்திரத்தைப் போர்த்தி முடிச்சும் நானே போட்டேன்.

மாலைக்குள் எண் மளமளவென்று இறங்கியது. ஜனங்கள் பலகையைப் பார்த்ததும் முகமூடியைக் கழற்றி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, நன்றாக இருமிவிட்டுச் சந்தோஷமாகப் போகிறார்கள். தாம் மெத்தை தட்டியதால்தான் ஊர்த் தூசியெல்லாம் போயிற்று என்று எதிர்க்கட்சிக்காரர் மேடையில் பேசுகிறாராம்.

ஆகவே தாமதிக்காமல் புறப்பட்டு வா. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தங்கள், மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா

பி.கு.: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "வர்ற புள்ள மூச்சுல இழுக்கப் போறது காத்தையா, பலகையையா?" என்று கேட்டாள். எழுந்து மாடிக்குப் போனேன். போர்வையை அவிழ்த்துவிட்டேன். நீ வராதே, கண்ணு. முழங்கால் வலியோடு ரயில் மாறி மாறி வர அம்மா தயாராம், நாங்களே வருகிறோம். ஸ்டேஷனுக்கு மட்டும் குழந்தையைத் தூக்கி வராதே, உங்கள் ஊர்ப் பலகை எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டினாலும் சரி. பேத்தியைப் பார்க்க ஏங்கிக் கிடக்கும் ஒரு தாத்தா கையில் போர்வையோடு அங்கேயும் இருக்கலாம்.