அந்தரங்கக் காவலர் பட்டாபி

அந்தரங்கக் காவலர் என்று ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏ.டி.எம்.மில் நம் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டு, "நம்பரைக் கையால மறைச்சு அடிங்கோ, நேக்கே தெரியறது" என்று எச்சரிப்பவர். முன்பின் தெரியாதவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று ரயிலில் முன்பின் தெரியாதவரைப் பிடித்து உபதேசித்து, கொல்லம் வருவதற்குள் தம் சம்பளம், சர்க்கரை அளவு, மச்சினரோடு நடக்கும் வழக்கு அத்தனையும் சொல்லி முடித்திருப்பவர். ஊரார் ரகசியங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் அவற்றை முதலில் தாம் தெரிந்துகொண்டாக வேண்டும் என்பது அவர் கட்சி.

வலியசாலைத் தெருவில் இந்த இனத்தின் திலகம் பட்டாபி. கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பைக் கவனிப்பவர். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் நுழைந்து, பிள்ளைகள் ஆர்க்குட் என்ற அரட்டைத் தளத்தில் குடியேறியிருந்த காலம் அது. விடுமுறையில் தெருப்பிள்ளைகளுக்கு இணைய உரிமைகளைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று தெருச் சங்கத் தலைவர் அழகியநம்பி கேட்டதுதான் தாமதம், பட்டாபி ஒத்திகையில் இறங்கிவிட்டார். மாணவர்களுக்குப் பதிலாக மனைவி வாலாம்பாள். தோசை வார்க்கும்போதும் அவளுக்கு அந்தரங்க உரிமை விளக்கப்பட்டது. "சாப்பிட வாங்கோ" என்று குறுக்கே பேசும் உரிமைதான் இல்லை.

வகுப்பன்று சங்கத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. பட்டாபியின் மகள் ஸ்மிதா தன் பள்ளித் தோழி சபீனாவையும் அழைத்து வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பட்டாபி முழங்கினார். பாஸ்வேர்டு கர்ப்பக்கிருகம் மாதிரியாம். அடுத்தவர் கால் வைக்கப்படாதாம். பிரவின்ராஜ் என்ற பையன் எழுந்து, வீட்டில் உள்ளவர்களே நம் மெயிலைப் படித்தால் அதுவும் தப்பா என்று கேட்டான்.

தப்பாவது? மகா பாதகம் என்றார் பட்டாபி. உதாரணம் இல்லாமல் அவருக்கு எதையும் விளக்க வராது.

"ஒரு பொண்ணு தோழிக்கு எழுதறா. எங்கப்பா குறட்டை, பைபாஸ்ல லாரி மேடு ஏறறாப்பல இருக்குன்னு. எழுதட்டும், அது அவ உரிமை. பெத்த அப்பனே ஆனாலும் அதைப் படிக்கப்படாது."

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் அந்த இனமா?

"ஆனா லாரிங்கறது அபாண்டம். நேக்கு சைனஸ்."

சபீனா மெல்ல ஸ்மிதாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "சார், அந்த மெயில் எனக்கு வந்ததாக்கும்" என்றாள்.

கூடமே சிரித்தது. அழகியநம்பி அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஸ்மிதா மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து நின்றாள்.

"சார், இனிமே நான் சபீனாவுக்கு என்னத்தை எழுதுவேன்?"

அந்தக் கேள்வி ஒத்திகையில் வரவில்லை. பட்டாபி தண்ணீர் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் பெண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்மிதா பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பட்டாபி வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். கடைசியில் அவள் எதிரே போய் உட்கார்ந்தார்.

"தப்புதாண்டி. என்ன விசேஷம்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறே. நேக்கு வேற வழி தெரியலை."

பரிகாரமாகத் தம்முடைய பாஸ்வேர்டை அவளிடம் சொன்னார். எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், அப்பாவுக்கு ஒளிவுமறைவு கிடையாது என்றார். தியாகம் செய்த பெருமிதத்தோடு காத்திருந்தார்.

மறுநாள், பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அடுத்த நாளும் இல்லை. முக்கியமான மெயில் ஒன்று வந்திருக்கிறது, யார் அனுப்பியது என்று சொல்லமாட்டேன் என்று ஆசை காட்டிப் பார்த்தார்.

"உங்க லெட்டர் அல்லவாப்பா, நான் எதுக்குப் படிக்கறது?" என்றாள் ஸ்மிதா.

பட்டாபிக்கு மனசே உடைந்துபோயிற்று. பெற்ற தகப்பன்மேல் துளி அக்கறை இல்லை பார் என்று வாலாம்பாளிடம் புலம்பினார். இப்போதெல்லாம் சாப்பாட்டு வேளையில் தம் மெயில்களை அவரே உரக்கப் படிக்கிறார். கேட்காமலிருக்கும் உரிமையைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

நமக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கட்டும். இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் இன்னும் பாதிப் பக்கம்தான் வந்திருக்கிறார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து நீங்கள் படித்தே முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அவர் பக்கத்தைத் திருப்பட்டும்.