ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டர்போ

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நன்றாக ஓடும் வண்டியைப் பார்த்தால் அவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அதிலும் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, டர்போ இல்லாமலே ஒரு குறையும் வைக்காமல் ஓடிக்கொண்டிருந்தால் சோறு இறங்காது. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணித்து வேகத்தைக் கூட்டும் சாதனம். பார்க்க நத்தை ஓடு மாதிரி இருக்கும். அது வைத்த காரையே அதே கம்பெனி விற்கிறதே, வாங்கிவிட்டுப் போகலாமே என்பீர்கள். இந்த ரகத்திடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். முகம் வாடிவிடும்.

நமக்குத் தெரிந்த பல் டாக்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மூன்று எக்ஸ்ரே எடுத்து, ரத்த அழுத்தம் பார்த்து, 'பிடுங்காமலே சமாளிக்கலாமே' என்று நோயாளிக்குப் புத்தியும் சொல்லும் மனிதர், தன் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினைப் பிடுங்கும்போது எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. விபத்தில் நொறுங்கிய டர்போ கார் ஒன்றின் சாமான்கள் கிடைத்தன. டர்போவைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒரே ஞாயித்துக்கிழமை வேலைம்மா. அப்படியே உக்காந்துடும்" என்றார் மனைவியிடம்.

உட்கார்ந்ததா? டர்போ உட்கார ரேடியேட்டர் நகர வேண்டும். ரேடியேட்டர் நகர முன்பம்பரை அறுக்க வேண்டும். காற்று கூடினால் பெட்ரோல் கூட வேண்டும், அதற்கு வேறு இன்ஜெக்டர். இரண்டும் கூடினால் பழைய பிஸ்டன் தாங்காது, அதற்கு வேறு பிஸ்டன். அத்தனை வலுவும் சேர்ந்தால் கிளட்ச் வழுக்கும், அதற்கு வேறு கிளட்ச். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு மாதம் நீண்டது. சாப்பாட்டு மேசையில் பிஸ்டன்கள். மாவுச் சல்லடையில் போல்ட்டுகள். குளிக்கப் போனால் கியர்பாக்ஸைத் தாண்ட வேண்டும். இன்ஜினுக்குப் பின்னால் விழுந்த நட்டைப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை விட்டுத் தேடினார். அந்தக் கண்ணாடி அப்புறம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். கிளினிக்கில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடமெல்லாம் டர்போவின் மகிமையை விளக்கினார். அவர்களால்தான் மறுத்துப் பேச முடியாதே!

மனைவி ஊருக்கு வெளியே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் அந்தக் காரில் போய்வந்தவர் இப்போது இரண்டு பஸ் மாறிப் போனார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"திங்கக்கிழமை நான் ஹெட்மிஸ்ட்ரஸா சேரணும். முதல் நாளே பஸ்ல கசங்கிப் போய் இறங்க மாட்டேன். வண்டி ஓடணும். ஓடலைன்னா பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துட்டுப் போவார். பேசிட்டேன்."

"பேசிட்டியா?"

"எடை போட்டு, கிலோ கணக்குல."

டாக்டர் கிளினிக்குக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டார். வீங்கிய கன்னங்கள் வாசலில் காத்திருந்துவிட்டுத் திரும்பின. ஞாயிறு சாயங்காலம் இன்ஜின் உறுமியது. டாக்டரின் கண்ணில் நீர் வந்தது. புகை என்றார்.

திங்கள் காலை மனைவி ஓட்ட, டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண் சாலையில் இல்லை, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள்ளில் இருந்தது. முள் நாலாயிரத்தைத் தாண்டினால்தான் டர்போ கண் விழிக்கும். மனைவியோ கல்யாணமான நாளிலிருந்து அதை இரண்டாயிரம் தாண்ட விட்டதில்லை.

"கொஞ்சம் மிதிச்சுப் பாரேன்."

"எதுக்குங்க? முன்னாடி ஸ்கூல் பஸ் போகுது."

"இப்பதான் திரும்பிடுச்சே! இப்ப மிதியேன்."

"நாளைக்குப் பசங்களுக்கு ரோட்டுல எப்படிப் போகணும்னு நான்தாங்க சொல்லணும்."

பள்ளி வாசலில் வண்டி நின்றது. மனைவி இறங்கிச் சேலையை நீவிக்கொண்டு, காரை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க கெடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேங்க. அப்படியே பழைய மாதிரி ஓடுது. ஒரு வித்தியாசமும் தெரியல!"

ஏழு மாத உழைப்புக்கு மனதார வந்த பாராட்டு. டாக்டருக்கு நடுரோட்டில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. சரி, திரும்பிப் போகும்போதாவது நாம் மிதித்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினார். மனைவி சாவியைக் கைப்பையில் போட்டு மூடினார்.

"சாயங்காலம் நானே ஓட்டிட்டு வந்துடறேன். நீங்க பஸ்ல போயிடுங்க."

பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். டர்போ சின்னதாகப் போய்விட்டது, கோளாறு அதுதான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்குக் காரே இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் நன்றாக ஓடிய மின்விசிறியோ, சொட்டாத குழாயோ, தானாக மூடிய கதவோ, நீங்கள் 'இன்னும் நல்லா பண்றேன்' என்று கை வைத்தபின் பழையபடி ஆக எத்தனை நாள் பிடித்தது? உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வீட்டில் கேளுங்கள், தேதியோடு சொல்வார்கள்.