சாய்ந்து மிதிப்பதா, நிமிர்ந்து மிதிப்பதா?

கடைக்கு வருகிறவர்களில் வாங்குகிறவர் உண்டு, சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம்மிடையே அமோகமாகச் செழித்து வளர்கிறது. அதன் பெயர் வாங்கப்போகிறவர். இவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம். பணம் இருக்கிறது, மனமும் இருக்கிறது. ஏமாந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் எதிர்வீட்டுப் பூவராகன் இந்த இனத்தின் முதல்தர மாதிரி. பங்குனியில் அவர் மனைவி திலகவதியின் முட்டியைப் பார்த்த டாக்டர், வீட்டுக்குள் வைத்து மிதிக்கிற சைக்கிள் ஒன்று வாங்கித் தினமும் மிதிக்கச் சொன்னார். ஆவணியில் மகள் மோனிகாவுக்குக் கல்யாணம். எங்கே? பக்கத்துத் திருவந்திபுரத்தில், கோயில் மலைமேல். வாசற்படி ஏறவே சுவரைப் பிடிக்கிற திலகவதி மலைப்படி ஏறுவது எப்படி?

"பொண்ணு கல்யாணத்தன்னிக்கு என்னக் கீழ உக்கார வச்சிடாதீங்க" என்றபோது திலகவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ ஏன் கவலப்படற? நாளைக்கே விசாரிக்கிறேன்" என்றார் பூவராகன்.

விசாரிக்கிறேன்! கவனித்தீர்களா? வாங்குகிறேன் என்று அவர் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை.

விசாரித்ததில் சைக்கிள் இரண்டு வகை என்று தெரிந்தது. முதுகைச் சாய்த்துக்கொண்டு காலை முன்னால் நீட்டி, ஈஸி சேரில் உட்கார்ந்த மாதிரி மிதிப்பது ஒன்று. சாதாரண சைக்கிள் போல நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பது மற்றொன்று. சாய்ந்தது முட்டிக்கு இதம், ஆனால் விலை ஜாஸ்தி, இடத்தையும் அடைக்கும். நிமிர்ந்தது மலிவு, மூலையில் அடங்கும், ஆனால் இடுப்பு வலிக்கலாம். உங்களுக்கும் எனக்கும் இது போதும். பூவராகனுக்கு இது வெறும் பாயிரம். விடிய விடிய வீடியோ பார்த்தார்; பார்த்ததையெல்லாம் எங்கள் எல்லோருக்கும் அனுப்பினார்; டேப்பை வைத்து ஹாலை அளந்து, இரண்டு சைக்கிளுக்கும் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒருத்தரும் அதை மிதிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். வாங்காத சைக்கிள்களைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் அந்த வீட்டுக்குள் நடமாடினோம்.

தினமும் சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூரில் உடற்பயிற்சிச் சாமான் விற்கிற ராஜவேலின் கடை. ஞாயிற்றுக்கிழமை, அதே சைக்கிள் அங்கே கொஞ்சம் குறைவாகக் கிடைக்குமோ என்று சிதம்பரத்துக்கு பஸ். மிதிக்கப் போகிறவள் நீதானே என்று திலகவதியையும் கூடவே இழுத்துப் போவார்.

"எவ்ளோ வெயிட் தாங்கும்?"

"நூறு கிலோ தாங்கும் சார்."

"எங்க மச்சான் ஏறினா?"

"அவுரு ஏன் சார் ஏறணும்?"

"ஏறிட்டா?"

ராஜவேல் டீ வரவழைத்தார். பேச்சு முடிகிற வழியாக இல்லை. நிற்க முடியாத திலகவதி, கடையில் பார்வைக்கு வைத்திருந்த சாய்ந்த சைக்கிளில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருப்பானேன் என்று மிதித்தார். மறுநாளும் மிதித்தார். சித்திரை போய், வைகாசி போய், "ஆடித் தள்ளுபடி வரட்டும்" என்று பூவராகன் காத்திருந்து, ஆடி வந்ததும் "வெலைய ஏத்திட்டுதான் கொறைப்பானுங்க" என்று அதையும் தள்ளுபடி செய்த காலம் முழுக்க, திலகவதி மிதித்துக்கொண்டே இருந்தார். "அம்மா பக்கம் ஃபேன திருப்பி வைங்கப்பா" என்பார் ராஜவேல்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் திலகவதி குலதெய்வத்துக்கு ஒன்று வைத்தார். அடுத்தது ராஜவேலுக்கு!

முகூர்த்தத்தன்று பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சீர்த்தட்டோடு, திலகவதி திருவந்திபுரம் படிகளில் விறுவிறுவென்று ஏறினாரே, பார்க்க வேண்டுமே! மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் பெண்ணின் அப்பாவைக் காணோம். பாதிப் படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க! முகூர்த்தத்துக்கு நேரமாவுது. தாரை வாக்க நான் ஒருத்தி போதுமா?" என்று கத்தினார் திலகவதி.

ராஜவேல் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். பூவராகன் அந்தக் கையை விடவில்லை.

"ராஜவேலு, எனக்கே ஒண்ணு தேவைப்படுதுய்யா. சாய்ஞ்சதா, நிமுந்ததா? எது சரிவரும்?"

"மொதல்ல ஏறுங்க சார்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் இதுவரை படித்து வந்தது திலகவதி மலை ஏறினாரா என்று தெரிந்துகொள்ளவா, இல்லை, இரண்டில் எது வாங்கலாம் என்று கடைசியிலாவது நான் சொல்லிவிடுவேன் என்றா? சொல்லமாட்டேன். எழுந்து போய் உங்கள் ஹால் தரையை ஒரு தடவை பாருங்கள். சாக்பீஸ் கோடு ஏதாவது தெரிகிறதா?