பன்னிரண்டு மிளகாய்க் கன்றும் ஒரு பனியும்

ஏரம்பமூர்த்தி பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தீர்மானித்துவிட்டார். செப்டம்பர் பதினான்கு, கன்று நட நல்ல நாள். கிளென் ஈடன் வீட்டு யன்னலோரம் பிள்ளை மாதிரி வளர்த்த பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகளும் அன்றைக்கே மண்ணுக்குப் போகும். அந்த இனத்தில் இனி ஒரு விதைகூட மிச்சமில்லை.

"ஒக்டோபர் கடைசியில வாற லேபர் வீக்கெண்ட் மட்டும் பொறுங்கோவன். இஞ்ச எல்லாரும் அப்பதான் நடுகினம்," என்றாள் மனைவி ஆனந்தவல்லி.

"வெள்ளைக்காரனுக்கு நல்ல நாள் பாக்கத் தெரியுமே?"

"பஞ்சாங்கத்துக்கு ஃப்ரொஸ்ட் பனி பாக்கத் தெரியுமே?"

"செப்டம்பர் வந்திட்டுது வல்லி, இஞ்ச தெற்கில குளிர்காலம் முடிஞ்சுது. இனி என்ன ஃப்ரொஸ்ட்?"

"ஓம், ஓம். நடுங்கோ. கன்றை நானே எடுத்துத் தாறன்."

இவ்வளவு லேசில் மனைவி விட்டுக்கொடுத்தால் எந்தப் புருஷனும் கொஞ்சம் பயப்பட வேண்டும். இவரோ பூரித்துப்போய், மஞ்சள் தண்ணீர் தெளித்து நட்டார்.

ஐந்தாம் நாள் விடிய, புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை. பன்னிரண்டும் வெந்த கீரை மாதிரிக் கறுத்துக் கிடந்தன. மனிதர் கட்டியிருந்த சாரத்தோடு ஈரப் புல்லில் அப்படியே குந்திவிட்டார். உண்மையாகவே அழுகை வந்தது. அழுகை நின்றதும் மூளை வேலை செய்தது.

ஆனந்தவல்லி முதியோர் இல்லத்து வேலை முடிந்து மூன்று மணிக்குத்தான் வருவாள். மவுண்ட் வெல்லிங்டன் கன்றுக் கடைக்குக் காரைப் பறக்கவிட்டார். அங்கே பன்னிரண்டு மிளகாய்க் கன்று வாங்கி, செத்ததைப் பிடுங்கிய அதே குழிகளில் நட்டார். பிறகு வாசலிலேயே காத்து நின்றார்.

"இஞ்ச வந்து பாரும்! அவ்வளவு பனிக்கும் ஒரு இலை வாடேல்லை!"

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு இலையைத் தடவினாள். பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டம், அதில் பச்சைப் பசேலென்று பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகள்.

ஏரம்பமூர்த்தி தட்டத்தை எட்டிப் பார்த்தார். "இது... ஆற்ற கன்று?"

"உங்கட கன்றுதான். இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டுப் பிரசாந்தியின்ர கண்ணாடிக் கொட்டிலுக்க இருந்தது."

"அப்ப நான் நட்டது?"

"எங்கட வேலியோரம் தானா முளைச்ச மணத்தக்காளி. சின்னதில ரெண்டும் ஒரே சாடை."

ஆனந்தவல்லி பாத்தியை இன்னொரு தரம் பார்த்தாள்.

"எனக்கு விளங்காதது ஒண்டுதான். விடிய மணத்தக்காளியா நிண்டது, பின்னேரத்துக்குள்ள எப்பிடியப்பா மிளகாயா மாறினது?"